கதவுக்கு அந்தப் பக்கம்

அட, உக்காருடி. வந்ததும் கிளம்பணுங்கிற? கை பரவாயில்ல. மணிக்கட்டுல ரெண்டு எலும்பு, அவ்வளவுதான். காதுதான் இன்னும் கொய்ங்னு இரையுது. இந்தப் பக்கமா வந்து பேசு.

நம்ம வார்டு வாத்தியார் எப்படி இருக்காரு? கட்டிலோட கட்டிப் போட்டுட்டாங்களா? ஐயோ பாவம். இல்லடி, அடிச்சவர் மேல எனக்குக் கோவமே இல்ல. அன்னைக்குக் காலைல மாத்திரை குடுக்கறப்பவே சொன்னாரு, சிஸ்டர், இன்னைக்குக் காதுல ரொம்பக் கத்துறாங்க, என் ரூமுக்குள்ள வராதீங்கன்னு. அடிக்கப்போறவன் எவன் முன்கூட்டியே சொல்லுவான்? நானும் அத நோட்டுல எழுதி வச்சிட்டு, பெரிய சிஸ்டர்கிட்ட போய் இன்னொரு ஆள் கேட்டேன். முப்பத்தெட்டு நோயாளிக்கு நீங்க ரெண்டு பேர்தான், ஆளுக்கு நான் எங்க போறதுன்னு கைய விரிச்சிட்டாங்க. அப்ப நீதான சொன்ன, மதிய ஊசி போட நீ போ, நான் வாசல்ல நிக்கிறேன், ஒரு குரல் குடு, ஓடி வந்துடறேன்னு.

நானும் போனேன். மனநல வார்டுல பதினோரு வருஷமா நமக்கு அதான பழக்கம். போன வருஷம் ஒருத்தன் தட்டால அடிச்சு உன் பல்லு போச்சே, அன்னைக்கு நடுவுல பூந்து உன்ன இழுத்தது யாரு? சரி, சொல்லிக்காட்டல, விடு.

அவர் ஸ்டூலத் தூக்கினப்ப உன் பேரத்தான் கத்தினேன்.

அழாத. பயந்திருப்ப. எனக்குந்தான் பயம். அதுக்காக உன்ன நான் ஒரு வார்த்த சொல்லமாட்டேன்.

ஆனா நேத்து ஆபீஸ்லேருந்து காகிதம் வந்துச்சு. நான் கண்டபடி திட்டி, அவர உசுப்பேத்திவிட்டேனாம். நோட்டுல நான் எழுதி வச்ச பக்கமே இல்லியாம். அடியில சாட்சின்னு உன் கையெழுத்து. மூணு தடவ படிச்சேன்டி. வேற யாரோ போட்டிருப்பாங்கன்னு பாத்தேன். உன் எழுத்து எனக்குத் தெரியாதா? பெரிய சிஸ்டர் நீட்டியிருப்பாங்க, வேலை போயிடும்னு நீயும் போட்டிருப்ப. அதுகூடப் புரியுது.

நாளைக்கு விசாரணை. நடந்தது அத்தனையும் சொல்லப்போறேன்.

எதச் சொல்லப்போறேன்னா கேக்குற? ஸ்டூல் என் மேல விழறதுக்கு முன்னாடியே நான் கதவுக்கு ஓடி வந்துட்டேன். கைப்பிடியப் புடிச்சேன். வெளியிலேருந்து தாழ்ப்பாள் விழுந்துச்சு. கதவுல அந்தச் சின்னக் கண்ணாடி இருக்கே, அதுல உன் மூஞ்சி தெரிஞ்சுது. என்னப் பாத்துக்கிட்டேதான் போட்ட.