யாசீனுக்குப் பின் எழுதிய உறுதி

எனது பெயர் முகம்மது தம்பி ஸைனுலாப்தீன். வயது எழுபத்தொன்று. இருப்பிடம் திருகோணமலை, உட்துறைமுக வீதிக்குப் பின்புற ஒழுங்கை. துறைமுகத்தில் சரக்கு வத்தைப் படகு ஓட்டும் தண்டையலாக வேலை செய்து ஓய்ந்தவன். பள்ளிக்கூடம் போகவில்லை, தமிழ் எழுதவும் வாசிக்கவும் நானாகப் பழகிக்கொண்டேன். நான் இரும்பு அலவாங்கால் பூட்டை உடைத்து மிரட்டியதாக என் மூத்த மகள் லைலாவின் கணவர் கலீலுர் றஹ்மான் பொலிஸில் செய்த முறைப்பாடு சார்ஜண்டால் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதற்கு நான் சொல்வது பின்வருமாறு.

பூட்டை உடைத்தது உண்மை. மிரட்டியது பொய். அவரை மிரட்டுவதற்கு அலவாங்கு தேவையில்லை, பக்கத்தில் நின்று இருமினால் போதும்.

நாங்கள் இருக்கும் வீடு என் மனைவி றுக்கியா உம்மாவுக்கு அவருடைய தகப்பனார் கொடுத்த சீதன வீடு. எங்கள் ஆட்களிடையே வீடு பெண்ணுக்குரியது, ஆண் ஒரு பெட்டியோடு வந்து குடியிருப்பவன். நான் அப்படித்தான் வந்தேன். மருமகனும் அப்படித்தான் வந்தார். ஆனால் வந்த நாளிலிருந்து அவர் சுவர்களைக் கண்ணால் அளந்துகொண்டே இருந்தார். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இளையவள் றஹ்மா, புருசன் மௌத்தாகி விதவையானவள், வீட்டின் பின் அறையில் இருந்துகொண்டு துறைமுகத் தொழிலாளர்களுக்கு இடியப்பம் அவித்து விற்பவள். அவளுக்கு வேறு வீடு இல்லை. இந்த வழக்கு அந்த அறையைப் பற்றியது; பூட்டைப் பற்றியது அல்ல.

இந்த ஐம்பத்தேழாம் ஆண்டு ஆனி மாதம் கப்பல்களோடு புளூக் காய்ச்சல் வந்தது. மருமகன் கப்பல் கம்பனி ஒன்றில் கிளாக்கர். ஒரு நாள் பத்திரிகையும் கையுமாக வந்து என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மாமா, இது வயசுபோனவங்களத்தான் கொண்டுபோகுமாம். நாம முன்கூட்டியே எல்லாம் பாத்துவைக்கணும்.”

“எல்லாம் எண்டா?”

“உடம்பையும் பாக்கணும், வீடு வளவையும் பாக்கணும்.”

“வீடு வளவுக்கு இன்னும் இருமல் வரல்ல மகன்,” என்று சொன்னேன். என் மனைவி சிரித்தா. மருமகன் சிரிக்கவில்லை.

அதன் பின்னர் அவர் எங்களைப் பாதுகாக்கத் தொடங்கினார். யன்னல்களுக்கு ஆணி அடித்தார். எங்கள் இருவர் கழுத்திலும் கற்பூரப் பொட்டணம் கட்டினார். கட்டிலைச் சுற்றி யூக்கலிப்டஸ் தைலம் தெளித்தார். காற்று வராத அறையில் எங்களை உட்காரவைத்துக் கொத்தமல்லி அவித்த தண்ணீரைக் குடிக்கவைத்து, அதை வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொன்னார். தொழிலாளர்களிடம் போய்வருவதால் றஹ்மா நோயைக் கொண்டுவருவாள் என்று கூறி, அவளுடைய பாயையும் பெட்டியையும் விறகுக் கொட்டிலுக்கு மாற்றினார். காய்ச்சல் ஓய்ந்ததும் அறைக்குத் திரும்பலாம் என்றார். நான் ஆட்சேபித்தேன். என் மனைவி, நாலு நாளைக்குத்தானே, சண்டை வேண்டாம் என்று சொன்னபடியால் விட்டேன். மருமகன் மட்டும் தினமும் காலையில் கப்பல்களில் ஏறி இறங்கி, சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நோய் சப்பாத்தில்தான் வரும் என்று நினைத்தார் போலும். வீட்டில் முதலில் இருமியவர் அவர்தான். தூசி என்று சொன்னார்.

அதன் பின்னர் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. ஓரிரு நாளில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் பிடிக்கும்படி சொன்னேன். அங்கே போனால்தான் தொற்றும் என்று மருமகன் மறுத்தார். அப்போதிக்கரி வைத்தியர் ஒரு மருந்து சொன்னதாகவும் அதை நான் போய் வாங்கிவர வேண்டும் என்றும் கூறினார். நான் போனேன். முதலாவது கடையில் அந்த மருந்து இல்லை, இரண்டாவதில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. திரும்பி வரும்போது அந்தி மஃறிபு தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் ஒழுங்கைச் சனம் முழுவதும் நின்றது. உள்ளே என் மனைவியின் கட்டிலை மக்கா இருக்கும் கிப்லாப் பக்கமாகத் திருப்பியிருந்தார்கள். பள்ளிவாசல் பக்கீர் லெப்பை யாசீன் சூறா ஓதி முடித்து, வாயில் ஸம்ஸம் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அயலவர்கள் ஒவ்வொருவராகப் போய், பொறுத்துக்கொள்ளுங்க உம்மா என்று கேட்டுவிட்டு வந்தார்கள். இவ்வளவும் சக்கறாத்தில், உயிர் பிரியும் நிலையில், கிடப்பவருக்குச் செய்வது. அந்தக் கூட்டத்துக்குள்ளே நான் முன்பின் கண்டிராத, உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவர் தன்னுடைய பையை மூடிக்கொண்டிருந்தார். அவர் வெளியூர்க்காரர். எங்கள் சட்டம் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். மருமகனுக்குத் தெரியாது என்று நான் ஏற்கமாட்டேன். ஓதிய நன்மையையும் வீட்டையும் ஒரே மாலையில் முடித்துவிடப் பார்த்தார், அவ்வளவுதான். வீடு முழுவதையும் லைலாவுக்கு நன்கொடையாக உறுதி எழுதி என் மனைவியின் பெருவிரல் அடையாளத்தை வைத்து எடுத்திருந்தார்கள்.

நான் கட்டிலருகே உட்கார்ந்தேன். “றஹ்மா வந்தாளா?” என்று என் மனைவி கேட்டா. மருமகன் கதவை மறித்து நின்றுகொண்டு, “அவவுக்கு உள்ளுக்கு வர ஏலா மாமி, தொத்தும்,” என்றார். அறைக்குள் அப்போது பதினைந்து பேருக்குக் குறையாமல் நின்றார்கள்.

விடிவதற்கு முன்னர் என் மனைவி மௌத்தானா. றஹ்மாவை மையித்தைக் குளிப்பாட்டுவதற்குத்தான் உள்ளே விட்டார்கள். உம்மாவின் பெருவிரலில் இருந்த மையை அவள் தேசிக்காய் போட்டுத் தேய்த்ததாகவும், அது முழுவதும் போகவில்லை என்றும் பின்னர் எனக்குச் சொன்னாள். அப்படியே அடக்கினோம்.

அதன் பின்னர் ஏழாம் நாள் கத்தம் ஓதினோம். சோறு வைத்துக்கொண்டிருக்கும்போது றஹ்மா தன் அறைக்குப் போனாள். அதில் ஆமைப்பூட்டு தொங்கியது. மருமகன் சபையில் வைத்தே, வீடு இப்போது லைலாவுடையது, மாமி மனம் விரும்பி எழுதிக் கொடுத்தது என்று அறிவித்தார். நான் பக்கீர் லெப்பையைப் பார்த்துக் கேட்டேன்.

“லெப்பை, அண்டைக்கு நீங்க யாசீன் ஓதினது தடிமன் இருமலுக்கா?”

“தடிமனுக்கு ஆரும் யாசீன் ஓதுவாங்களா காக்கா? சக்கறாத்து எண்டு உங்கட மருமகன்தான் சைக்கிள்ல வந்து கூட்டிப்போனாரு.”

“மௌத்தாகிற நோயில கிடந்து, ஒரு பிள்ளைக்கு மட்டும் எழுதிக் குடுத்தா?”

“மத்த உரித்துக்காரர் சம்மதிச்சாத்தான் செல்லும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

மருமகன் எழுந்து நின்றார். “மாமிக்கு அண்டைக்கு அவ்வளவு கடுமையில்ல. சும்மா பறக்கத்துக்குத்தான் ஓதச் சொன்னனான்.”

“பறக்கத்துக்கா தம்பி கட்டில கிப்லாவுக்குத் திருப்பினீங்க?” என்று லெப்பை கேட்டார். சோறு தின்றுகொண்டிருந்த யாரோ ஒருவருக்குப் புரைக்கேறியது.

“வாப்பா, சபையில வச்சு இவர வெக்கப்படுத்தாதீங்க,” என்றாள் லைலா.

“உன்ட உம்மாட விரலப் பாத்தியா நீ?” என்று கேட்டேன். அவள் சோற்றுச் சஹனை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

மறுநாள் பூட்டின் திறப்பைக் கேட்டேன். மருமகன் தரவில்லை. றஹ்மா கிண்ணியாவில் சொந்தக்காரர் வீட்டில் போய் இருக்கட்டும், அங்கே காய்ச்சல் குறைவு, இதெல்லாம் அவளுடைய நன்மைக்குத்தான் என்றார். அதன் பின்னர் நான் கிணற்றடியிலிருந்து அலவாங்கை எடுத்துவந்து பூட்டை உடைத்தேன். றஹ்மாவின் பாயையும் பெட்டியையும் அறைக்குள் வைத்தேன். அதே அலவாங்கால் வீட்டு யன்னல்களில் இருந்த ஆணிகளையும் கழற்றினேன். யூக்கலிப்டஸ் மணம் வெளியே போகும்வரை என் மனைவி கிடந்த அறையில் நின்றேன். அப்போது மருமகன் முற்றத்துக்கு ஓடிப்போய், கொல்லவாறார், கொல்லவாறார் என்று கத்தினார். நான் அவர் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

கோபத்தில் செய்ததாக எழுதலாமா என்று சார்ஜண்ட் கேட்டார். எழுதக் கூடாது. யோசித்துச் செய்தேன்.

நன்கொடையை நான் ஏற்கவில்லை, றஹ்மாவும் ஏற்கவில்லை. மருமகன் கோட்டுக்குப் போகலாம். மாமி சாகக் கிடக்கவில்லை என்று சொல்வாரானால், ஏன் ஆஸ்பத்திரிக்கு வேலையில்லாமல் லெப்பைக்கு வேலை வைத்தார் என்று ஒழுங்கை முழுவதற்கும் சொல்லட்டும். சாகக் கிடந்தா என்று சொல்வாரானால், உறுதியை அவரே கிழித்துக்கொள்ளட்டும். லைலாவுக்கு மார்க்கப்படி சேர வேண்டிய பங்கு அவளுக்கு இருக்கிறது. அதில் ஒரு சாணும் நான் தொடமாட்டேன்.

சமாதானமாகப் போக விருப்பமா என்று கேட்கப்பட்டது. விருப்பம் இல்லை. மன்னிப்புக் கேட்பேனா என்று கேட்கப்பட்டது. மாட்டேன்.

என்னை மறியலில் அடைத்து வைப்பதானால் வைக்கலாம். உடுக்க மாற்றுச் சாரம் கொண்டுவந்திருக்கிறேன். நான் வரும்போது றஹ்மா அறைக்குள் இருந்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும்படியும், என் குரல் கேட்டாலொழிய லைலா கூப்பிட்டாலும், பொலிஸ் கூப்பிட்டாலும் திறக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். சரி வாப்பா என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

நான் சொன்னது இவ்வளவே. சார்ஜண்ட் எழுதியதை முழுவதும் நானே வாசித்துப் பார்த்தேன். இதில் பொய் இல்லை, கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை என்று கண்டு, எவருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மு. ஸைனுலாப்தீன்