சத்தமில்லாமல் விடும் பசை

அந்த டீ கிளாஸைக் கவர் மேல் வைத்துவிடாதீர்கள் சார். தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி. அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பொருளுக்குச் சூடு ஆகாது. கான்ஸ்டபிள் நிமி மேடம் போட்ட டீயில் ஆவி பறக்கிறது. எங்கள் மூணாறுத் தேயிலையாகத்தான் இருக்கும். அம்மா கொழுந்து எடுப்பவள், வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

நான் வந்ததிலிருந்து நீங்கள் சிரித்துக்கொண்டே இருக்கிறீர்கள். "ஏப்பா அருண்பாண்டி, மாரடைப்புல போன மனுசனை நாந்தான் கொன்னேன்னு வந்து நிக்கற. பாலக்காட்டு வெயிலு தலைக்கு ஏறிருச்சா?" என்று கேட்டீர்கள். ஏறவில்லை சார். முதலில் இருந்து சொல்கிறேன். நீங்கள் டீயைக் குடியுங்கள்.

மோகனசுந்தரம் அண்ணனின் கம்பெனியை உங்களுக்குத் தெரியும். கொல்லங்கோட்டுத் தென்னந்தோப்புக்கு நடுவில், முன்பு கொப்பரை காயப்போட்ட கட்டடம். இப்போது அதற்குள் தூசி புகாத அறை. அங்கே நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் பட்டை செய்கிறோம். இதயம் தாளம் தப்பினால் பட்டையில் இருக்கும் சிப் கண்டுபிடித்து, வீட்டில் இருப்பவர்களின் போனைக் கத்த வைக்கும்.

அந்த சிப் கடுகில் பாதி கூட இருக்காது. இடுக்கியால் எடுத்தால் உடையும், விரலால் தொட்டால் தொலையும். அதனால் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி ஒன்றால் ஒற்றி எடுத்து, பட்டையில் ஒற்றி வைப்போம். ஒற்றி எடுப்பது சுலபம். ஸ்டாம்போடு ஒட்டிக்கொண்டதை உரிய இடத்தில் விட வைப்பதுதான் பெரும்பாடு. அதற்கு நான் ஒரு பசை கண்டுபிடித்தேன். குளிர்ந்தால் இறுகிப் பிடிக்கும், சுட்டால் இளகி விட்டுவிடும். துளி பிசுக்குக் கூட மிச்சம் வைக்காது. காலேஜ் விட்ட நாளிலிருந்து எனக்கு வேறு வேலையே இல்லை. கல்யாணப் பேச்சு வந்தபோதுகூட ஸ்டாம்ப் காய்ந்துகொண்டிருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்றேன்.

போன் அடிக்கிறது சார், வீட்டிலிருந்து போல. எடுங்கள், நான் எங்கேயும் ஓட மாட்டேன்.

"ஏனுங்க, மாமா எண்ணெய் வெச்சுட்டு அப்பவே புடுச்சு உக்காந்திருக்காருங்க. சீயக்கா டப்பாவை எங்கீங்க வெச்சீங்க?"

"பரண்ல பாரு. சீயக்காய்க்கும் நானேதான் வரோணுமா?"

"ஸ்டேசன்ல சும்மாதான உக்காந்திருக்கீங்க? வந்து எடுத்துக் குடுத்தா என்னவாம்?"

நிமி மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார், பாருங்கள். நல்ல குடும்பம் சார் உங்களுடையது. போனை வைக்கும்போதெல்லாம் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டு நிம்மதியாகக் கவிழ்த்து வைக்கிறீர்கள். நல்ல பழக்கம்.

எதில் விட்டேன்? அண்ணன். அவர் என்னைத் தன் வீட்டு மாடியிலேயே தங்க வைத்தார். அவர் மனைவி செல்வப்பிரியா அக்கா கையால் மூன்று வேளையும் சாப்பாடு. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்:

"கண்ணு, காத்துல உறிஞ்சி எடுக்கற மிசினு ஒண்ணு வருது. உன்ற பசையைத் தூக்கிப் பரண்ல போட்டுரு. உன்னையத் தூக்கிப் போட மாட்டேன், பயப்படாத."

"அண்ணே, மிசினு சிப்பைக் கீறிப்புடும். எம் பசை கீறாதுண்ணே. சுத்தமா விட்டுரும்."

"மேசை மேல விடும் கண்ணு. வேர்வையும் அழுக்குமா இருக்கற மனுசன் மேல விடுமா? எங்க, காட்டு பாக்கலாம்."

சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி பச்சைப்புளி ரசம் ஊற்றினார். கோபமே வராத மனிதர். எனக்கும் கோபம் வரவில்லை. காட்டு என்றார், காட்டலாம் என்று நினைத்தேன். இதில் பகை எங்கே இருக்கிறது?

அண்ணனுக்கு இதயத்தில் கோளாறு. எங்கள் பட்டையைத்தான் அவரும் ஒட்டியிருந்தார். சாதாரணமாகப் பட்டையிலும் என் பசையையே ஒரு துளி வைத்து, சிப்பை அதில் ஒற்றி நிறுத்திய பிறகு, ஜென்மத்துக்கும் விடாத வேறு பசையை அதன் கீழே பாய்ச்சுவோம். அவருடைய புதுப் பட்டையில் அதைப் பாய்ச்சவில்லை. என் பசையிலேயே நிற்க விட்டேன். ஒரு வேலையைச் செய்யவில்லை, அவ்வளவுதான். செய்யாத வேலைக்கு எந்தச் செக்‌ஷன் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

போன சனிக்கிழமை, நான் நினைத்தபடியே சிப் விட்டது. சிப் போனாலும் போனுக்குத் தெரியாது சார். கெட்ட செய்தி வந்தால்தான் அது கத்தும். செய்தியே வராவிட்டால் எல்லாம் நலம் என்று பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். முன்பு இரண்டு தடவை அது கத்தி, அக்கா மாத்திரையோடு ஓடிவந்து அவரைக் காப்பாற்றியிருக்கிறார். அன்று அக்கா சமையலறையில் கறி வறுத்துக்கொண்டிருந்தார். போன் பிரிட்ஜ் மேல் இருந்தது.

அண்ணன் கூடத்தில் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் எதிர் நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் முகம் மாறியது. பேச்சு வரவில்லை. என் பக்கம் கையை நீட்டினார். நான் எழுந்து போய் பிரிட்ஜ் மேல் பார்த்தேன். பச்சை. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? மனிதன் மேலும் விடும் என்று அவர் கண்ணெதிரேயே காட்டிவிட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவர் கை இன்னும் நீண்டுதான் இருந்தது. நான் பிடிக்கவில்லை. தள்ளவும் இல்லை. அதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள், தள்ளவில்லை.

எழவு வீட்டில் நிஜமாகவே அழுதேன். ஆனால் ஒன்றுதான் மனதை அறுத்தது. டாக்டர் மாரடைப்பு என்றார், ஊர் மாரடைப்பு என்றது, பட்டையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கழற்றிக் குப்பையில் போட்டார்கள். நான்தான் பொறுக்கினேன். இந்தக் கவரில் இருப்பது அதுதான். லென்ஸ் வைத்துப் பாருங்கள், சிப் இருந்த இடம் எவ்வளவு சுத்தம் என்று. இவ்வளவு நல்ல வேலையை யாருக்கும் தெரியாமல் விட்டுவிட முடியுமா? அதற்காகத்தான் வந்தேன்.

"செரி, உன்ற வழிக்கே வாரேன். அந்த சிப்பு எப்படித்தான் விட்டுச்சு? அதைச் சொல்லு மொதல்ல."

இவ்வளவு நேரம் கழித்துக் கேட்டீர்களே சார். நல்ல கேள்வி.

பட்டையை வேர்வையில் சோதித்தோம், மழையில் சோதித்தோம், வயல் சேற்றில் கூடச் சோதித்தோம். குளிக்கும்போது கழற்ற வேண்டாம் என்று அட்டையில் அச்சடித்தோம். அச்சடித்தவர்கள் எல்லாம் உங்கள் ஊர்க்காரர்கள்தான். தினமும் பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டு ஓடி வருகிறவர்கள், சனிக்கிழமையை மறந்துவிட்டார்கள். வெளியூர்க்காரனான நான்தான் கவனித்தேன். அண்ணன் வீட்டில் சனிக்கிழமை விடிந்தால் தாமிர அண்டாவில் வெந்நீர் கொதிக்கும். உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய், அதன் மேல் சீயக்காய், அதன் மேல் பொறுக்கவே முடியாத சூட்டில் சொம்பு சொம்பாகத் தண்ணீர். என் பசைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையில், சீயக்காய்த் தூளுக்கு நடுவில் சிப் மின்னிக்கொண்டு கிடந்தது. சிப்பின் முதுகில் ஒரு துளி பிசுக்கு இல்லை.

ஆனால் ஒரு தடவை நடந்தால் தற்செயல் என்றுதான் சொல்வார்கள். இரண்டாவது தடவையும் நடக்க வேண்டும், பக்கத்தில் ஊர் நம்புகிற சாட்சி ஒருவரும் இருக்க வேண்டும்.

முந்தாநாள் வியாழக்கிழமை பெருமாட்டியில் உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் அப்பாவுக்குப் பழைய பட்டையை எடுத்துவிட்டுப் புதுசு ஒட்டினேன் அல்லவா? ரொம்பச் சந்தோஷப்பட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதிலும் நான் அந்த இன்னொரு பசையைப் பாய்ச்சவில்லை.

உட்காருங்கள் சார். எதற்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறீர்கள்? போனைத் திருப்பிப் பாருங்கள், பச்சைதான் எரியும்.