எட்டு, ஒன்பது

“ஹலோ... ஹலோ, அத்தை? கேக்குதா?... ஆமா, ஆமா, சோய்ச்சிதான். நடுவுல லைன் போயிடுச்சு... இல்ல, முடியல, இன்னும் ஆடிக்கிட்டுதான் இருக்கா... நிக்கிறா அத்தை, ரெண்டு கால்லயும்தான் நிக்கிறா. நோட்டு எடுத்துக்கிட்டீங்களா?... ஆமா. முதல் செட் போச்சு, ரெண்டாவது நமக்கு. மூணாவது செட்டுக்குப் பதிலா டைபிரேக். முதல்ல பத்து பாயின்ட் யார் எடுக்கறாங்களோ அவங்களுக்கு மேட்ச்... ஆமா ஆமா, ரெண்டு வித்தியாசம் இருக்கணும். இப்ப ஆறு-ஆறு. ஆறு வட்டம், ஆறு பெருக்கல் போட்டுக்குங்க.”

சோய்ச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு கம்பிவலையை ஒட்டி நின்றான். உள்ளே, மணல் தூவிய செயற்கைப் புல்தரையில், அவன் மனைவி மதோகா முழங்கால் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கம் மாறிப் போய்க்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வயது. ஒரு காலத்தில் உலக டென்னிஸ் வரிசையில் முப்பத்தெட்டாம் இடம். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து பதினான்கு மாதம் கழித்து, குருமே நகரத்தின் இந்தச் சின்னப் போட்டியில், அதுவும் தகுதிச் சுற்றில் ஆடுகிறாள். இந்த ஆட்டத்தை வென்றால் நாளை பிரதான சுற்று. தோற்றால் ராக்கெட்டை வைத்துவிடுகிறேன் என்று கிளம்புவதற்கு முன் அவளே அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மா சொந்த ஊரான இமாபாரியில் முடிதிருத்தும் கடை நடத்துகிறாள். மகளின் பத்தாவது வயதிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்தையும் பாயின்ட் பாயின்ட்டாக நோட்டில் குறித்து வருகிறாள். மகள் எடுத்தால் வட்டம், விட்டால் பெருக்கல்.

“யாரு, கடையிலயா?... முகத்துல நுரை போட்டு உக்கார வெச்சிருக்கீங்களா? யாரு, தபாலாபீஸ் ஒச்சி சாரா?... அவருக்கு வணக்கம் சொல்லுங்க. என்னவாம்?... டிவில ஏன் காட்டலையா? தகுதிச் சுற்று அத்தை, டிவியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஸ்கோர் பலகைகூட இல்ல. நாலு கோர்ட்டுக்கும் சேத்து ஒரே ஒரு அம்பயர், அவரும் நடந்துக்கிட்டே இருக்காரு. பந்து உள்ளயா வெளியயான்னு ஆடறவங்களேதான் சொல்லணும். ஸ்கோரையும் சர்வ் போடறவங்கதான் சத்தமா சொல்லிட்டுப் போடணும்... அதான் பிரச்சினையே! உங்க பொண்ணு சொல்லவே மாட்டேங்கறா. பதினஞ்சு வருஷமா மேல உக்காந்து ஒருத்தர் சொல்லச் சொல்ல ஆடினவ இல்லையா, வாயே வரல அவளுக்கு... நான் எப்படிச் சொல்ல முடியும்? வெளியிலேர்ந்து நான் வாயத் திறந்தா அவளுக்குத்தான் எச்சரிக்கை குடுப்பாங்க.”

“இருங்க, இருங்க. சர்வ் போடறா... ம்... ம்... வட்டம்! வட்டம் அத்தை. ஏழு-ஆறு... கால் பரவால்ல, பரவால்ல. இப்ப அந்தப் பொண்ணு, யூனா. பதினேழு வயசுதான். பாக்கறவங்களுக்கெல்லாம் குனிஞ்சு வணக்கம் வெச்சுட்டு, அப்புறம் அடிக்கிற அடி இருக்கே... கேட்டீங்களா? அவ எவ்வளவு சத்தமா ஸ்கோர் சொல்றான்னு கேட்டீங்களா? உங்க கடை வரைக்கும் கேட்டிருக்கும்... ச்சே. பெருக்கல். ஏழு-ஏழு... ஆமா, வேகம். இவ திரும்பறதுக்குள்ள பந்து பின்னாடி போயிடுச்சு.”

“ஒரு நிமிஷம்... ஐயா? இல்லங்க ஐயா... இல்ல இல்ல, பந்தயம் எல்லாம் ஒண்ணும் இல்ல... மாமியாருங்க. மாமியார்கிட்டதான் பேசறேன். உள்ள ஆடறது என் பெண்டாட்டி... இந்தாங்க, வேணும்னா நீங்களே ஒரு வார்த்தை பேசிப் பாருங்க... சரிங்க. மெதுவாவே பேசறேன். நன்றிங்க... அத்தை, போட்டி நடத்தறவங்க ஆளு, போயிட்டாரு. ஸ்கோர உடனுக்குடனே வெளிய சொல்லிச் சூதாடற கும்பல் இருக்காம், நான் அந்த ஆளுன்னு நெனச்சுட்டாரு... சிரிக்காதீங்க. ஒச்சி சாரையும் சிரிக்க வேண்டாம்னு சொல்லுங்க, கத்தி உங்க கைல இருக்கு.”

“யூனா சர்வ். ‘ஏழு-ஏழு’ன்னு சொல்லிட்டா... நல்லா எடுத்தா மதோகா... ரேலி போகுது... போகுது... வேண்டாம், அத விடு, ஓடாத... ஐயோ!... அத்தை, ஒரு நிமிஷம்... முழங்காலப் புடிச்சிக்கிட்டா... மடங்கிடுச்சு போலிருக்கு. குனிஞ்சு நிக்கிறா... தெரியல... தெரியலன்னா தெரியல!... மன்னிச்சிடுங்க, கத்திட்டேன்... நிமிந்துட்டா. கால உதறிப் பாக்கறா. நடக்கறா, நடக்கறா... என்ன? பாயின்ட்டா?... பந்து பின்கோட்டுகிட்ட விழுந்துச்சு. வெளியன்னுதான் எனக்குப் பட்டுச்சு. ஆனா வெளியன்னு காட்ட அவ விரலத் தூக்கல, வாயும் திறக்கல, கை முழங்கால்ல இருந்துச்சு. வெளியன்னு உடனே சொல்லலைன்னா உள்ளன்னுதான் கணக்கு. பெருக்கல் போடுங்க. ஏழு-எட்டு.”

மதோகா சர்வ் போட வந்து நின்றாள். பந்தை மூன்று முறை தரையில் தட்டினாள். உதடு அசையவில்லை.

“சொல்லேன், சொல்லித் தொலையேன்... உங்கள இல்ல அத்தை, இவள... போட்டுட்டா. வட்டம்! கோட்டு மேலயே! எட்டு-எட்டு. இன்னொரு சர்வ் இவளுக்கு இருக்கு... நான் யார் பக்கமா? என்ன கேள்வி அத்தை இது... இல்ல, புரியுது, நீங்க சொல்றது புரியுது. தோத்தா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துடறேன்னு சொன்னேன், மறக்கல. அந்த டாக்டர் சொன்னதையும் மறக்கல, இன்னொரு தரம் கிழிஞ்சா மாடிப்படி ஏற முடியாதுன்னாரு. எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா தோக்கணும்னு வேண்டிக்க என்னால முடியல. உங்களால முடியுதா?... பாத்தீங்களா... அய்யய்யோ. பெருக்கல். வெளிய அடிச்சுட்டா. எட்டு-ஒன்பது. மேட்ச் பாயின்ட் அந்தப் பொண்ணுக்கு.”

யூனா பந்தை வாங்கிக்கொண்டு தன் எண்ணிக்கையை முதலில் வைத்து ஒன்பது-எட்டு என்று கூவினாள். மதோகா கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினாள்.

“அத்தை, என்னவோ தகராறு... ரெண்டு பேரும் நெட்டுகிட்ட வந்துட்டாங்க. மதோகா தலைய ஆட்டறா... தனக்குத்தான் ஒன்பதுங்கறா!... ஆமா, இவளுக்கு ஒன்பது, அவளுக்கு எட்டுங்கறா. அம்பயர் ஓடி வர்றாரு... ஏழு-ஏழுக்கு அப்புறம் நீங்க என்ன போட்டிருக்கீங்க, படிங்க... பெருக்கல், வட்டம், பெருக்கல். நிச்சயமா?... ஆமா, நான்தான் சொன்னேன், நான்தான் சொன்னேன்... புரிஞ்சிடுச்சு அத்தை. கால் மடங்குச்சே, அந்த பாயின்ட். பந்து வெளிய விழுந்தத பாத்திருக்கா. வெளியன்னு சொல்லிட்டதாவே நெனச்சுக்கிட்டிருக்கா. விரலத் தூக்கின மாதிரியே அவ மனசுல இருக்கு. அடுத்த சர்வ்ல ஸ்கோர வாய்விட்டுச் சொல்லியிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும்...”

“நோட்டக் காட்டறதா? இமாபாரியிலேர்ந்தா?... பார்வையாளர் பேச்செல்லாம் எடுபடாது அத்தை. எடுபட்டாலும் நமக்குத்தான் கேடு. உங்க நோட்டு அந்தப் பொண்ணு பக்கம் சாட்சி சொல்லுது... மூடி வைங்க. ஒச்சி சார்கிட்டயும் காட்டாதீங்க.”

சொல்லி முடித்ததும் சோய்ச்சிக்குக் காது சூடேறியது. அறிவியல் வாத்தியார் அவன். பரீட்சையில் உள்ளங்கையில் எழுதி வரும் பிள்ளைகளை வரிசையாக வெளியே நிறுத்துகிறவன்.

“அம்பயர் விரல மடக்கி எண்றாரு... இல்ல, மணல் தரை, பந்து பட்ட தடமும் நிக்காது. ரெண்டு பேரும் ஒத்துக்கற பாயின்ட்ட வெச்சுக்குவாங்க, தகராறான ஒண்ண மட்டும் திரும்ப ஆடணும்... எட்டு-எட்டு. ஆமா, எட்டு-எட்டுன்னு சொல்லிட்டாரு! மதோகாதான் சர்வ். பொழச்சோம் அத்தை... அந்தப் பொண்ணா? கண்ணத் தொடைக்குது. சண்டை போடல, சரின்னு தலையக் குனிஞ்சுட்டுப் போகுது... பாவந்தான். அதுக்கு நாம என்ன பண்றது?”

மதோகா கோட்டருகே வந்து நின்றாள். பந்தைத் தட்டினாள். பட்டையைச் சரிசெய்ய இடது கை தானாக முழங்காலுக்குப் போயிற்று. போன கை அங்கேயே நின்றது.

“ஏன் போடாம நிக்கிறா?... கை முழங்கால்ல இருக்கு... வலி இல்ல, வலி மாதிரி தெரியல. அந்தக் கையவே பாத்துக்கிட்டிருக்கா. என்னமோ யோசிக்கிறா... யோசிக்காத, யோசிக்காத. போடு... போடு... அத்தை.”

“இருக்கேன், லைன்லதான் இருக்கேன்... சொல்லிட்டா. ஸ்கோர வாய்விட்டுச் சொல்லிட்டா. பக்கத்து கோர்ட்டுல ஆடறவங்க திரும்பிப் பாக்கறாங்க... ‘எட்டு-ஒன்பது’ன்னு சொன்னா... இல்ல அத்தை, எட்டுதான் இவளுக்கு! ஒன்பது அந்தப் பொண்ணுக்கு! பந்த அந்தப் பக்கம் அனுப்பிட்டா, உன் சர்வ்ங்கறா. அம்பயர் வந்து ஏதோ கேக்கறாரு, இவ ஆமான்னு தலைய ஆட்டிட்டா... பைத்தியம். சுத்தப் பைத்தியம்! இவள யார் கேட்டா?... எனக்குத் தெரியாது, என்னக் கேக்காதீங்க... அழறீங்களா?... சரி, சரி. இல்லன்னா இல்ல.”

“யூனா சர்வ். முதல் சர்வ் நெட்டு. இருங்க, ரெண்டாவது... மதோகா எடுத்தா. திரும்ப... திரும்ப... முன்னாடி வர்றா அத்தை, இந்தக் கால வெச்சுக்கிட்டு நெட்டுக்கு வர்றா... அடிச்சா...”

பந்து வலையின் மேல்நாடாவில் பட்டு எழும்பியது. மதோகாவின் பக்கமே விழுந்தது.

“...பெருக்கல்... ஆமா. முடிஞ்சுது. எட்டு-பத்து... இல்ல, அழல. கை குடுத்துட்டா. அந்தப் பொண்ணு குனிஞ்சது நிமிரவே மாட்டேங்குது, இவதான் தோளப் புடிச்சு நிமித்தறா... ம்... ம்... ஆமா அத்தை. கூட்டிக்கிட்டு வந்துடறேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்துடுவோம். மீன் சோறா? செய்யுங்க, செய்யுங்க, சாப்பிடுவா... இல்ல, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீங்களும் கேக்காதீங்க. வந்து தூங்கட்டும்... ஒச்சி சார் நுரை காஞ்சிருக்கும், போய் அவரப் பாருங்க...”

“அத்தை, ஒரு நிமிஷம், வெச்சுடாதீங்க... பைய பெஞ்சுலயே போட்டுட்டு எங்க போறா இவ?... இந்தப் பக்கம் வரல. ஆபீஸ் கூடாரத்துக்குப் போறா. நொண்டிக்கிட்டே வேகமாப் போறா... நானும் போறேன், இருங்க... மேஜை மேல ஒரு தாள் இருக்கு, பேனா கேக்கறா... அத்தை, அது இன்னிக்குத் தோத்தவங்க பேர் எழுதற தாள். நாளைக்குப் பிரதான சுற்றுல யாராவது உடம்பு சரியில்லன்னு விலகிட்டா, இதுலேர்ந்து ஒருத்தரக் கூப்பிடுவாங்க... கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம். காலைலேர்ந்து இங்கயே உக்காந்து காத்துக்கிட்டு இருக்கணும்... எழுதறா. எழுதிட்டா. அவளுக்கு மேல மூணு பேர்... ஆமா, தெரியும் அத்தை. தோத்தா ராக்கெட்ட வெச்சுடறேன்னு உங்ககிட்ட சொன்னா. என் முன்னாடிதான் சொன்னா.”

“அவகிட்டயே குடுக்கறேன், நீங்களே சொல்லுங்க... மதோகா, அம்மா லைன்ல இருக்காங்க... வேண்டாம்னு கை காட்டறா அத்தை. ஏதோ கேக்கறா, இருங்க... நான் விரலத் தூக்கலதானேன்னு கேக்கறா... ஆமா, நீ தூக்கல... அவ்வளவுதான் கேட்டா அத்தை, வேற ஒண்ணும் இல்ல. தண்ணி குடிக்கிறா.”

“...இல்ல. மன்னிச்சிடுங்க, நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வான்னு இப்ப இவகிட்ட... என்னால முடியாது அத்தை. கோவிச்சுக்காதீங்க... கோவிச்சுக்கிட்டாலும் சரி. முழங்கால் வீங்கிடுச்சு, பட்டைக்கு மேலயே தெரியுது. நாளைக்கு எட்டு மணிக்கு இவ இங்க நிக்கணும்... ஆமா, ஆமா, நான்தான் கூட்டிக்கிட்டு வரணும், வேற யாரு. வைக்கிறேன் அத்தை. ஐஸ் வாங்கணும்.”