இழுத்தால் அவிழும் முடிச்சு

ஓடுகிறேன். காலுக்கடியில் பாறை வழுக்குகிறது. உடம்பெல்லாம் எண்ணெய். இடுப்பில் ஒரு கயிறு. முன்னால் வானமே இடிந்து விழுகிறது. விட்டு விட்டு அல்ல. நிற்காமல்.

“படுங்க! எல்லாரும் படுங்க! ஷெல் வருது!”

யாரும் படுக்கவில்லை. சிரிக்கிறார்கள். கையில் சோப்பை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

நான் படுத்தேன். முகத்தைப் பாறையில் அழுத்தினேன். இரண்டு கைகளாலும் பிடரியை மூடினேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. என் பல்லே என் உதட்டைக் கடித்திருந்தது.

அது குற்றாலம் பேரருவி. 1963, ஆனி மாதம். சாரல் தொடங்கியிருந்தது. விழுந்தது தண்ணீர். வெறும் தண்ணீர்.

தலையில் அருவி விழுந்தால் சித்தம் தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பித்துப் பிடித்தவர்களைக் கயிற்றில் கட்டியாவது கொண்டுவந்து நிறுத்துவார்கள். என்னையும் நிறுத்தினார்கள். குண்டு மழையிலிருந்து வந்தவனுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. குறை சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

நான் மாடசாமி. தென்காசிக்காரன். ராணுவத்தில் லாரி ஓட்டினேன். 1962 நவம்பரில் சீன எல்லையில், சேலா மலைக்குக் கீழே இருந்தேன். அதையும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் மறந்துவிடுவீர்கள். மறப்பதில் நாம் கெட்டிக்காரர்கள்.

பனி. காலில் கித்தான் பூட்ஸ். தென்காசி மார்கழிக்கே போதாத கம்பளிச் சட்டை. பின்வாங்கச் சொல்லி உத்தரவு. மலைச் சாலையில் எங்கள் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. முன்னால் பாதை அடைபட்டுவிட்டது. எதிர் மலையில் ஒரு ‘டுப்’. பிறகு ஒரு விசில். பிறகு சத்தமே இல்லாத ஒரு கணம். அந்தக் கணம்தான் கொடுமை. அது முடிந்த பிறகு லாரி இல்லை. லாரிக்குள் இருந்த ராமையா இல்லை. சங்கரன்கோவில்காரன். முந்தின நாள்தான் அவனுடைய அம்மா அனுப்பிய முறுக்கைச் சாப்பிட்டோம்.

காட்டுக்குள் ஓடினோம். கூட லாரி ஓட்டிய குட்டப்பன், நான், சமையல்காரர் பல்பீர். நடந்தோம். இலையைத் தின்றோம். குட்டப்பன் ஒரு காலையில் எழவில்லை. உட்கார்ந்தபடியே உறைந்திருந்தான். பல்பீர் ஆற்றில் இறங்கினார். கரை ஏறவில்லை. நான் எப்படிச் சமவெளிக்கு வந்தேன் என்பது எனக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது இடது காலில் மூன்று விரல்கள் இல்லை.

ராணுவம் என்னை வீட்டுக்கு அனுப்பியது. காலைத்தான் பார்த்தார்கள். மற்றதைப் பார்க்கவில்லை.

தென்காசியில் கோயில் வேட்டுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போவேன். கதவு அடித்தால் போவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தெருவே சொன்னது. சரிதான். ஆனால் அரண்டதை யார் கண்டது? பங்குனியில் ஒருநாள், மொட்டைக் கோபுரத்தடியில், மகள் கோமதியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒன்றரை வயசு. பஸ் டயர் ஒன்று வெடித்தது. அடுத்த கணம் பிள்ளையைக் கீழே போட்டு, மேலே கவிழ்ந்து கிடக்கிறேன். காப்பாற்றுகிறேனாம். என் எடை முழுக்க அவள் மேல். முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்தது. அந்தச் சத்தமும் என் காதில் இருக்கிறது. மெல்லிய சத்தம். சுள்ளி ஒடிகிற மாதிரி.

என் மனைவி செல்லம் என்னைத் திட்டவில்லை. பிள்ளைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, உறங்கவைத்துவிட்டுச் சொன்னாள். “சாரல் முடியதுக்குள்ள மனுசனா வாங்க. இல்லன்னா பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருதேன். உங்க மேல கோவம் இல்ல. அவளுக்கு இன்னொரு கை இருக்குல்லா.”

அவளே என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டி வந்தாள். பஸ்ஸில் என் கையை விடவேயில்லை.

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஓட்டு வீடு. பின்னால் வாய்க்கால். இரண்டு கூடங்கள். எங்களைப் போன்றவர்கள் ஏழு பேர். வெளியே அதற்குப் பைத்தியக்கார வீடு என்று பெயர். வைத்தியர் ஒருவர் காலையில் வந்து நாடி பார்ப்பார். எண்ணெயும் கஷாயமும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மிச்சப் பொழுது முழுக்க இசக்கி அக்காதான். சமையல், காவல், சட்டம் எல்லாம். புருஷன் தூக்குப் போட்டுக்கொண்ட பிறகு அந்த வீட்டை நடத்த வந்தவள். வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட நீளம். யார் விழுந்தாலும் எட்டிப் பிடித்துவிடும்.

அவள் சட்டங்கள் மூன்று. வேறெங்கும் நான் அவற்றைப் பார்த்ததில்லை.

எண்ணெய் தேய்க்க ஆள் கிடையாது. ஒருவருக்கு ஒருவர் தேய்க்க வேண்டும். மனிதனைத் தொடப் பயந்த கை, இன்னொருவன் தலையைத் தொட்டாக வேண்டும். குளிக்கப் போகும்போது புது ஆளைப் பழைய ஆளோடு இடுப்பில் கயிறு கட்டி அனுப்புவாள். கட்டுவது இழுத்தால் அவிழும் முடிச்சு. “ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன் புடிக்கணும். ஆனா ஒருத்தனோட ரெண்டு பேரும் போயிரக் கூடாது. அதுக்குத்தான் இந்த முடிச்சு.” போகும்போதும் வரும்போதும் ஆள் எண்ண வேண்டும். அவரவர் எண்ணை அவரவரே சத்தமாகச் சொல்ல வேண்டும்.

என் எண் அஞ்சு. என்னோடு கட்டப்பட்டவர் நாலு. காதர் பாய். கடையநல்லூர்க்காரர். தறி நெய்தவர். இளவயசில் பிழைக்க ரங்கூன் போனவர். அங்கே குண்டு விழுந்தபோது மனைவியோடும் மகளோடும் பர்மாக் காட்டு வழியே நடந்து வந்தார். தனியாக வந்து சேர்ந்தார். அதற்குமேல் அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இருபது வருஷம் கழித்தும் ஓட்டுக்குக் கீழே படுக்க மாட்டார். தாழ்வாரத்தில் ஒரு பாதி உடம்பு, மழையில் மறு பாதி.

பேரருவியில் நான் விழுந்து கிடந்த அன்று, கயிற்றின் மறுமுனையில் இருந்தவர் அவர்தான். எழுப்பவில்லை. பக்கத்திலேயே குப்புறப் படுத்துக்கொண்டார். ஊர் சிரித்தது. இரண்டு பைத்தியங்கள். அவர் என் காதருகில் சொன்னார். “படுத்தாச்சு தம்பி. ரெண்டு பேரும் படுத்தாச்சு.”

அதற்குப் பிறகு இசக்கி அக்கா என்னைப் பேரருவிக்கு அனுப்பவில்லை. வைத்தியரிடம் சண்டை போட்டாள். முதலில் பின்னால் வாய்க்காலில் குளித்தேன். பிறகு சிற்றருவி. தூரத்தில் நின்று சத்தம் கேட்பது மட்டும் சில நாள். தினமும் பாய் தலையில் எண்ணெய் தேய்த்தேன். என் கை நடுங்கும். எண்ணெய் அவர் கண்ணில் வழியும். “நடுங்குனா நடுங்கட்டும். தேயி” என்பார்.

அந்த வீட்டில் தூக்கத்தில் யாராவது கத்துவார்கள். நான்தான் அதிகம். ஒருவரும் பதற மாட்டார்கள். ஒருவரும் “ஒண்ணுமில்ல” என்று சொல்ல மாட்டார்கள். அது இசக்கி அக்காவின் உத்தரவு. “ஒண்ணுமில்லன்னு எவனாச்சும் சொன்னா அவனுக்குச் சோறு கிடையாது. ஒண்ணுமில்லாமலா அவன் கத்துதான்?” விழித்திருப்பவன் கேட்பான்: இது எந்த ஊரு? கத்தியவன் சொல்ல வேண்டும். குற்றாலம். என்ன மாசம்? ஆனி. என்ன சத்தம் கேக்கு? தண்ணி. அவ்வளவுதான். மறுபடி படுப்போம்.

என் சொந்த வீட்டில் எனக்குக் கிடைக்காதது இது. வீட்டில் எல்லாருக்கும் என்மேல் பாசம். அதனாலேயே என் கத்தலுக்குப் பயந்தார்கள். அவர்கள் பயத்தைப் பார்த்து நான் பயந்தேன். இங்கே என் பயம் ஏழில் ஒன்று. பந்தியில் எல்லார் இலையிலும் அதே சோறு.

ஆடி பிறந்தது. செல்லம் பிள்ளையோடு வந்தாள். கோமதி கட்டுப் பிரித்த கையை நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் அம்மாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தாள். நான் எட்டி நின்றேன். இன்னும் ஒரு மாதச் சாரல்தான் மிச்சம்.

அடுத்த வாரம் ஐந்தருவிக்குப் போனோம். முதல் தடவையாக அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்தேன். நின்றேன். நின்றுவிட்டேன்! கயிற்றின் மறுமுனையில் பாய் கை தட்டினார். தண்ணீர் தோளை அறைகிறது. நான் சிரிக்கிறேன். சேலா மலையை விட்டு இறங்கிய பிறகு முதல் சிரிப்பு.

அப்போது கேட்டது.

அருவியின் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம். அடித்தொண்டைச் சத்தம். கல்லோடு கல் உருளும் சத்தம். மேலே, காட்டுக்குள். நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளையாக விழுந்த தண்ணீரில் காய்ந்த இலை வருகிறது. சுள்ளி வருகிறது. ஓரத்தில் செம்மண் நிறம்.

“ஏறுங்க! ஏறுங்க! வெள்ளம் வருது! மேல ஏறுங்கலே!”

குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். பலருக்கு என்னைத் தெரியும். பேரருவியில் குப்புறப் படுத்தவன். ஒருவன் கத்தினான். “ஏலே, பட்டாளத்துக்காரனுக்கு மறுபடி ஷெல் வந்துட்டு!” கொல்லென்று சிரிப்பு.

எங்கள் வீட்டு ஆட்கள் சிரிக்கவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏறினார்கள். என்னோடு ஒரே கூடத்தில் படுத்தவர்கள். என் பயம் அவர்களுக்கு மனப்பாடம். கனவில் நான் ‘படுங்க’ என்றுதான் கத்துவேன். ‘ஏறுங்க’ என்று ஒருநாளும் கத்தியதில்லை.

நான் படியில் ஏறிவிட்டேன். கயிறு இறுகுகிறது. பாய் வரவில்லை. கீழே ஒரு ஆள், சோப்பு நுரையில் கண் தெரியாமல் நிற்கிறான். அவன் காலடியில் ஒரு சின்னப் பெண் பிள்ளை. பாய் பிள்ளையைத் தூக்கி மேலே நீட்டுகிறார். யாரோ வாங்குகிறார்கள். அந்த ஆளின் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறார். “ஏறு! ஏறு!” அவனும் ஏறிவிட்டான்.

வந்தது. தண்ணீர் இல்லை அது. மண்ணும் மரமும் கல்லும். பாயின் மார்பு வரை. கயிறு என் இடுப்பை அறுக்கிறது. மூன்று விரல் இல்லாத கால் பாறையில் நிற்க மறுக்கிறது. சறுக்குகிறேன். ஒரு படி. இன்னொரு படி. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இழுக்கிறேன். “விடமாட்டேன் பாய்! விடமாட்டேன்!”

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் கை இடுப்புக்குப் போனது. முடிச்சின் நுனியை இழுத்தது.

கயிறு லேசானது. நான் பின்னால் விழுந்தேன். என் கையில் ஈரக் கயிறு. அதன் முனையில் யாரும் இல்லை.

சிற்றாற்றுக் கரையில் மறுநாள் கிடைத்தார். கூடவே, சிரித்தவர்களில் இருவர்.

அன்று சாயங்காலம் இசக்கி அக்கா எங்களைக் கூடத்தில் உட்காரவைத்தாள். ஆள் எண்ணச் சொன்னாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. பிறகு ஒன்றுமில்லை. விசிலுக்குப் பிறகு வருமே, அதே கணம். அடுத்தது நான்தான். அவள் அவசரப்படுத்தவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. அடுப்பில் சோறு குழைந்துபோகிற வரைக்கும் காத்திருந்தார்கள். பிறகு என் வாயிலிருந்து வந்தது. அஞ்சு.

சேதி கேட்டுச் செல்லம் ஓடி வந்தாள். வீட்டுக்கு வந்துவிடச் சொன்னாள். “இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன். இங்கன எல்லாரும் சேந்து அழுதோம். அங்கன வந்தா நான் தனியா அழணும்” என்றேன். சாரல் முடிந்த பிறகும் இருந்தேன். அவள் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையோடு வந்தாள். ஐப்பசி மழையில் ஒருநாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். கோமதி தானாக வந்தாள். வளைந்த கையைக் கிண்ணத்துக்குள் விட்டாள். என் தலையில் பூசினாள். அந்த மாதமே வீடு திரும்பினேன்.

மலையில் போனவர்கள்: ராமையா. குட்டப்பன். பல்பீர். என் கால் விரல்கள் மூன்று. ஒரு லாரி. வேட்டுச் சத்தத்தில் மகிழ்கிற மனசு; அது இன்றுவரை திரும்பவில்லை.

தென்காசியில் போனது: என் மகளின் வலது கையின் நேர்கோடு.

குற்றாலத்தில் போனவர்கள்: பெயர் தெரியாத இருவர். காதர் பாய்.

இப்போது வீட்டில் படுக்கப் போகுமுன் ஆள் எண்ணுகிறோம். ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். செல்லம் ஒண்ணு. கோமதி ரெண்டு. வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்துச் செல்லமே சொல்கிறாள், மூணு. பிறகு நான் கொஞ்சம் நிறுத்துகிறேன். கோமதி இப்போதெல்லாம் ஏன் என்று கேட்பதில்லை. அவளும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறாள்.

அஞ்சு.