அறுபத்திரண்டாம் வம்சம்

ஜூலையின் முதல் இரண்டு வாரத்தைத் தவறவிட்டால் அந்த வருடத்துக்குப் பைன் விதையை மறந்துவிட வேண்டியதுதான், ஐயா. காய் பச்சையாக இருக்கும்போதே பறித்து, விதையின் மேலோட்டை நீக்கி, உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையைச் சத்துக் கூழின் மேல் வைக்க வேண்டும். சில வாரங்களில் அதன் நுனியிலிருந்து நுரை மாதிரி ஒன்று வழியும். அந்த நுரை முழுக்கக் கருக்கள். ஒரே விதையிலிருந்து ஆயிரக்கணக்கில், ஒரே அச்சில் வார்த்த பிள்ளைகள். அப்படி ஒரு விதையிலிருந்து வரும் கூட்டத்தை வம்சம் என்று சொல்லி எண் கொடுப்போம்.

பதினான்கு நாளைக்கு ஒருமுறை அவற்றைப் புதுக் கூழுக்கு மாற்றியாக வேண்டும். மறந்தால் பழுப்பேறிச் செத்துப்போகும். அறுபத்திரண்டாம் வம்சத்தைப் பதினோரு வருடம் நான்தான் மாற்றினேன். கணவரை அடக்கம் செய்த அன்று மதியமும் வந்து மாற்றினேன். முதலில் நட்ட மரங்கள் கம்பம் மாதிரி நேராக நின்றன. தண்டைப் புடைக்கவைக்கும் துரு நோய் அண்டவில்லை. ஆய்வகத்தில் எல்லோரும் என் பெயரைச் சேர்த்து அவற்றை ஓடெல்லின் பிள்ளைகள் என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. எனக்கு வேறு பிள்ளைகள் இல்லை.

ஒரு தட்டில் கடுகளவு பூஞ்சை தெரிந்தாலும் தட்டோடு நீராவியில் அவித்துவிடுவோம். சுத்தமாக இருக்கும் பாதியைக் காப்பாற்றலாமே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கூடாது. இரக்கப்பட்டால் அறை முழுக்கப் பரவிவிடும். இருபது வருடமாக அதுவே என் வேலை என்பதை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

வேட் மெக்லெண்டன் இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் விஞ்ஞானியாக வந்தவர். நல்ல மனிதர். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"மிஸ் ஓடெல், பிள்ளைங்க எல்லாம் சாப்பிட்டாச்சா?"

"உன்ன மாதிரி வெயில் ஏறுற வரைக்கும் தூங்குற பிள்ளைங்க இல்ல, கண்ணு. ஏழு மணிக்கே ஆச்சு."

சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த மூணு நாலு வருஷமா நட்ட கன்னு பூரா துரு புடிச்சுக் கெடக்கு. மரபணு சோதனைக்கு அனுப்பிச்சேன். உங்க தட்டுல இருக்கிறது அறுபத்திரண்டு இல்ல, மிஸ் ஓடெல். இருபத்தாறு. ஆறு வருஷமா அதத்தான் வளத்திருக்கீங்க."

"என் பிள்ளை முகம் எனக்குத் தெரியாதா?"

"எல்லாமே ஒரே வெள்ளை நுரைதானே. லேபிள்தான் அதுக்கு முகம்."

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"யார் பேரையும் எழுத மாட்டேன், சத்தியமா. நல்லவேளை, உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அறுபத்திரண்ட உறைய வெச்சிருக்காங்க, திரவ நைட்ரஜன் தொட்டிக்குள்ள. அது ஒண்ணுதான் மிச்சம். இன்னைக்கே எடுத்து உருக்கிரலாம். இந்தத் தட்டையெல்லாம் அவிச்சுரலாம்."

கூழ் மாற்றும் மேடையில் ஒரு நேரத்தில் ஒரு வம்சம்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு புதன்கிழமை நான் அறுபத்திரண்டையும் இருபத்தாறையும் சேர்த்து வைத்தேன். மாலையில் சர்ச் விருந்துக்குக் கோழி பொரிக்க வேண்டியிருந்தது. சீக்கிரம் கிளம்பப் பார்த்தேன். மூடிகள் மாறியிருந்தால் அன்றுதான் மாறியிருக்கும். இருபத்தாறு என்று எழுதியிருந்த தட்டுகளை, இனி வேண்டாம் என்று பிறகு நானே அவித்துவிட்டேன்.

இருவரும் குளிரறைக்குப் போனோம். அவர் தொட்டியின் மூடியைத் திறந்து பிடித்தார். தடித்த கையுறை போட்டிருந்தது நான் என்பதால், குப்பிகள் அடுக்கிய எஃகுத் தாங்கியை நான் தூக்கினேன். என் கை நீளம் இருக்கும். எண்ணைப் படிக்க அவர் குனிந்தார்.

முதல் அடி காதுக்குப் பின்னால் விழுந்தது. முழங்காலிட்டு, "மிஸ் ஓடெல்?" என்றார், ஏதோ கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்டதுபோல. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது அடி முகத்தில். அவர் திரும்பியதால் அப்படி ஆனது. உறைந்த எஃகு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், தோலோடு வந்தது. மூன்றாவதில் தாடை உடைந்தது. நான்காவது அவசியமில்லை என்று உங்கள் மருத்துவர் சொல்லலாம். நான் எதையும் அரைகுறையாகச் செய்து பழகவில்லை.

தாங்கியிலிருந்த குப்பிகள் தரையில் சிதறி அவர் ரத்தத்தில் கிடந்தன. பதினெட்டு. உடனே பொறுக்கித் தொட்டிக்குள் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். கையுறை கையில்தான் இருந்தது. தொட்டியும் திறந்தே இருந்தது. வேட்டுக்கும் மூச்சு இருந்தது. சுவரில் தொலைபேசி இருந்தது. நான் முக்காலியில் உட்கார்ந்தேன். குப்பிகளில் பனி கரைந்து நீராக இருபது நிமிடம் ஆனது. அவருக்குக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்தக் குப்பிகளில் இருந்தது என் கையில் வளராதது, ஐயா. அதன்மேல் பாசம் வர நியாயமில்லை.

நான் மறுக்கவில்லை. வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஒன்று மட்டும் ஆய்வகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்: என் தட்டுகளை யாராவது நேரத்துக்குப் புதுக் கூழுக்கு மாற்றட்டும். கண்ணெதிரே ஒரு உயிர் சாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.