ஆறு ஞாயிறும் ஒரு ஆன்டெனாவும்

— ஏணியில மூணாவது படி ஆடுது மே, பாத்து கால வெய்யி. ஸ்பேனர என்கிட்ட குடு.

— நான் எதுக்குய்யா ஏறணும்? ஆன்டெனா வேணும்னது நீ. கழட்டி எடுத்துக்கினு வா, நான் தெருவுலயே நிக்கறேன்.

— பைப்ப தாங்கிப் புடிக்க ஒரு ஆளு வேணும் கங்கா. தனியா கழட்டுனா நேரா ஓட்டு மேல வுழும்.

— வர்ற வாரம் இடிக்கப் போற வூடு. ஓடு ஒடைஞ்சா இன்னா, ஒடையலன்னா இன்னா?

— அதுவரைக்கும் ஒன் தம்பி அதுக்குக் கீழதான் படுக்கணும். ஏறு மே.

— ஏறிட்டேன். போதுமா? ஏணி வெளிய கீதுன்னுதான் ஏறுனேன். வூட்டுக்குள்ள கால் வெக்க மாட்டேன், அத சொல்லிட்டுத்தான் ஒன் வண்டியில ஒக்காந்தேன்.

— அக்கா! டீ போட்டு கீது. மாமாவையும் கூட்டிக்கினு உள்ள வாக்கா.

— இங்க குடுத்தனுப்பு எழிலு. உள்ள வரல.

— முப்பத்திரெண்டு வருசம் ஆச்சிக்கா. மனுசனே போய்ட்டாரு. வாய்க்கரிசி போடக் கூப்ட்டேன், வரல. நாளைக்கு கருமாதி. அப்பா படத்துக்கு முன்னால ஒரு வெளக்காவது ஏத்திட்டுப் போ. அவருக்கு இருக்கறது நீ ஒரே பொண்ணு.

— பொண்ணு செத்துட்டான்னு தல முழுவுனவருக்கு ஏதுடா பொண்ணு? போ, பந்தக்காரன் வந்து நிக்கறான் பாரு, அவன கவனி.

— ஏம்மே அவன்கிட்ட எரிஞ்சி வுழற? அப்ப அவனுக்கு எட்டு வயசு. அவன் இன்னா பண்ணுவான்?

— அவன ஒண்ணும் சொல்லல. நீ நட்ட கழட்டு.

— இரு. மொத நல்லா பாத்துக்கறேன். யப்பா! ஒண்ணுமே ஆவல மே. எங்க கம்பெனில போன வருசம் வந்த மிஷினு இதுக்குள்ள நாலு வாட்டி படுத்துடுச்சி. இது பாரு, அலைன்மென்ட் கூட போகல.

— ஆமா, பெரிய மிஷினு. ஆட்டுக்கல்லுல வளைச்ச அலுமினியம்.

— அந்த வளைவு எப்டி வந்துச்சி தெரியுமா? கையில வளைச்சா மடங்கிப் போவுது. ஐடிஐ வாத்தியாரு பெண்டிங் மிஷின் வேணும்னாரு. நான் எங்க போவேன் மிஷினுக்கு? ஒங்க ஆட்டுக்கல்ல சுத்தி வளைச்சேன், ஆர்டர் குடுத்த மாதிரி வந்துச்சி.

— ஆட்டுக்கல்லு பூரா அலுமினியப் பொடி. மறுநாள் இட்லி சாம்பல் கலர்ல வந்துச்சின்னு எங்கம்மா ஒன்ன திட்டுனாங்களே, அத சொல்ல மாட்ட.

— திட்டிட்டு அந்த இட்லியையே எனக்கு நாலு வெச்சாங்க. கடையில ஆன்டெனா வெல கேட்டுட்டு ஒங்கப்பா மூஞ்சிய பாக்கணுமே அன்னிக்கி! செகண்ட் ஹேண்ட்ல வாங்குன கருப்பு வெள்ளை டிவி. அதோட பாதி வெலய வெறும் கம்பிக்கு கேக்கறானேன்னு, "டேய் நேசா, நீ எலக்ட்ரீசியனுக்குத்தான படிக்கற, செஞ்சி குடுடா"ன்னாரு. பந்தல்காரன் தூக்கிப் போட்ட அலுமினியக் குழா, ஒடஞ்ச கொடையோட கம்பி, அடிபம்பு பைப்பு. காசு குடுத்து வாங்குனது வயரும் நாலு போல்ட்டும்தான்.

— எஞ்செருப்ப வுட்டுட்ட.

— வுடுவனா? இங்க வா. இந்த க்ளாம்புக்கு அடியில பாரு.

— ஐய... இன்னும் கீதா?

— கம்பியும் பைப்பும் ஒட்டக் கூடாது, நடுவுல ரப்பர் வேணும்னேன். நீ உள்ள போயி ஒன் நீல ஹவாய் செருப்ப கொண்டாந்து என் காலாண்ட போட்டுட்டு திரும்பிப் போய்ட்ட.

— வாரு அறுந்த செருப்புன்னு வூட்ல சொன்னேன். அறுவல. பொங்கலுக்கு வாங்குனது.

— தெரியும். அறுக்கும்போதே புது வாசன வந்துச்சி.

— கல்லு மாதிரி ஆயிடுச்சிய்யா. ஆனா நீலம் போகல பாரேன். சரி, இது இன்னா செவப்பா?

— அதான் எனக்கும் புரியல. ரெட் ஆக்ஸைடு. போல்ட்டு, க்ளாம்பு, பைப்பு அடி, எல்லாத்துலயும் கோட்டிங் கோட்டிங்கா அடிச்சி கீது. நான் அடிக்கல. எழிலரசா! இந்த பெயின்ட்டு நீயா அடிச்ச?

— நான் இல்ல மாமா, அப்பாதான். வருசா வருசம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்ப மேல ஏறி அதுக்கும் அடிச்சிட்டு வருவாரு. டிஷ் மாட்டுனப்பவே கழட்டிடலாம்னேன். கைய வெச்ச, கைய ஒடைப்பேன்னுட்டாரு. இந்தா, டீ.

— கேட்டியா? இரும்புக்கு துரு புடிச்சிடக் கூடாதுன்னு வருசா வருசம் மேல ஏறி கீறாரு. பொண்ணு பத்து கிலோமீட்டர்ல, ஸ்ரீபெரும்புதூர்ல, வாடகை வூட்ல கெடந்தா. ஷாரோன் பொறந்து எனக்கு ஜன்னி கண்டு, பொழைக்க மாட்டேன்னு சொன்னப்பகூட ஆஸ்பத்திரி பக்கம் எட்டிப் பாக்கல. எனக்கு வயிறு எரியுதுய்யா. செத்தவர திட்டக் கூடாதுன்னு வாய மூடிக்கினு கீறேன்.

— டீய குடி. ஆறிடும்.

— குடிக்கறேன். கம்பெனி பஸ்ஸு இன்னாத்துக்கு இத்தினி போவுது?

— செகண்ட் ஷிஃப்ட் வுட்ற நேரம் இல்லியே... ஓ, ஓவர்டைம் ஆளுங்க. அந்த நீல ஷெட்டு கீது பாரு, காம்பவுண்டுக்கு அந்தாண்ட, அதான் ஒங்க கழனி. செக்யூரிட்டி ரூம் கட்டி கீறாங்களே, அங்க கெணறு.

— எனக்கு சொல்றியா? அதுல நாத்து நட்ட காலு இது. அது போனா போவுது, நல்ல வெலதான் குடுத்தாங்க. இதுலயும் எழிலு ரூம் கட்டி கம்பெனி பசங்களுக்கு வாடகைக்கு வுடட்டும். நான் எதுக்கும் அழ மாட்டேன். நீ இத கொண்டு போயி இன்னா பண்ணப் போற? சிக்னலா வரப் போவுது?

— துணி காயப் போடு. எனக்கு இது வேணும். நான் மொதமொத என் கையால பண்ணது. இது இல்லன்னா நீ இல்ல.

— பேச்சப் பாரு, ரிட்டயர்டு ஆவப் போற வயசுல.

— சரி, இவ்ளோ தூரம் பேசியாச்சி. ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்கணும்னு கீது. நீதான் இந்த வூட்டுப் பேச்ச எடுத்தாலே சோத்துத் தட்ட தள்ளிட்டு எழுந்துடுவ.

— கேளு. கையில தட்டு இல்ல.

— அன்னிக்கி டிவியில படம் மொதல்லயே நல்லா வந்துடுச்சி, இல்ல? நான் எறங்கிப் போயிடக் கூடாதுன்னு நீ பொய் சொன்ன. ஒத்துக்கோ.

— நானா? யோவ், நான் இன்னா பொய் சொன்னேன்?

— "தெரியல, தெரியல"ன்னு. மொத ஞாயிறு மூணு மணிக்கு ஏறுனேன், வெளக்கு வெச்சப்புறம்தான் எறங்குனேன். அப்புறம் வாராவாரம், காத்துல திரும்பிடுச்சின்னு ஒங்கப்பா ஆள் அனுப்புவாரு. ஆறு ஞாயிறு மே! கை கொப்புளம், மண்ட காயுது. ஆனா உள்ள ஒரு சந்தோசம். பொண்ணு நம்மள வுட மாட்டேங்குதுடான்னு.

— ஐய, நல்லா கீதே கத! நீ ஏறி ரெண்டு திருப்பு திருப்புனதும் படம் கண்ணாடியாட்டம் வந்துடுச்சி. "தெரியுது, தெரியுது"ன்னு தொண்ட கிழியக் கத்துனேன். நீதான்யா எறங்காம மேலயே நின்னு சுத்திக்கினு இருந்த. பையன் நமக்காகத்தான் நேரத்த இழுக்கறான்னு நான் உள்ள ஒக்காந்து சிரிச்சிக்கினு இருந்தேன். அதுலதான் மயங்கி ஒன்கூட வந்தேன்.

— வெளையாடாத மே.

— ஷாரோன் மேல சத்தியம்.

— நான் எதுக்கு இழுக்கறேன்? எனக்கு "தெரியல"ன்னுதான் வந்துச்சி. நீ பொய் சொல்றன்னு நெனச்சிதான் எனக்கு தைரியமே வந்துச்சி. இல்லன்னா சர்ச்சு தெருவுலேருந்து வர்றவன், ஒன்கிட்ட வாயத் தொறந்து கேட்டிருப்பனா?

— அப்ப நான் கத்துனது ஒனக்கு கேக்கவே இல்லியா?

— எப்டி கேக்கும்? நான் ஏறுனா பின்னாடி கெணத்து மோட்டாரு ஓடிக்கினே இருக்கும். பழைய மோட்டாரு, பக்கத்துல இருக்கறவன் பேசறதே கேக்காது. நீ உள்ள டிவியாண்ட. ஒங்கப்பா வாசல்ல ஜன்னலாண்ட. நான் இங்க. அவரு மேல பாத்து கைய ஆட்டி சொல்றதுதான் எனக்கு.

— அவரு இன்னான்னு சொன்னாரு?

— "தெரியலயாம்டா. கோயில் பக்கம் திருப்பச் சொல்றா." திருப்புவேன். "இல்லியாம். தாம்பரம் பக்கம் திருப்பு." மறுபடியும் திருப்புவேன். "புள்ளி புள்ளியா கீதாம்."

— நான் புள்ளின்னு சொல்லவே இல்லய்யா.

— இருட்டுனப்புறம்தான் "இப்ப சரியா கீதாம், எறங்கு. கை கால் கழுவிட்டு உள்ள வா, சாப்ட்டுப் போ"ன்னு சொல்வாரு. உள்ள ஒக்கார வெச்சி, எலை போட்டு. எங்க தெரு ஆளுக்கு இந்தத் தெருவுல யாரு மே அப்ப உள்ள எலை போட்டாங்க?

— மோட்டார் சத்தத்துல அவருக்கும் நான் சொன்னது கேட்டிருக்காது.

— ஜன்னல் கம்பிய புடிச்சிக்கினு நிப்பாரு. அங்கேருந்து டிவியே தெரியும்.

— இல்ல. இல்லய்யா. அவரு அப்படிப்பட்ட ஆளா இருந்தா பங்காளிங்க முன்னாடி, அம்மன் கோயில்ல சூடத்த கையால அணைச்சி, "இந்த கோதண்டம் சொல்றேன், இனி அவ என் பொண்ணு இல்ல, அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு எதுக்கு சத்தியம் பண்ணாரு?

— அன்னிக்கி ஒங்க சித்தப்பாங்க ரெண்டு பேரும் மண்ணெண்ண டின்னோட எங்க தெருமுனைக்கு வந்துட்டாங்க. எங்கம்மா சொல்லி கீறாங்க. ஒங்கப்பா சூடம் அணைச்சப்புறம்தான் திரும்பிப் போனாங்க. ஒன்கிட்ட சொல்ல வந்தேன், நீ காது குடுக்கல.

— அதுக்கு? முப்பத்திரெண்டு வருசமா ஒரு மனுசன் அப்டியே இருப்பாரா?

— சத்தியம்னா சத்தியம்தான அவருக்கு.

— நீ எதையாவது சொல்லி என் மனச கலைக்காத. அவருக்கு கேக்கல, அவ்ளோதான். மோட்டார் சத்தம். நான் கத்துனது அவருக்கு "தெரியல"ன்னு பட்டிருக்கும்.

— சரி, வுடு. அப்டியே இருக்கட்டும். பைப்ப புடி, நட்ட லூஸ் பண்றேன்.

— இரு... யோவ், இரு. அது இன்னா மாசம்?

— எது?

— அந்த ஆறு ஞாயிறும்.

— லெந்து நாளு, எங்க நோன்பு காலம். மாசி கடைசி, பங்குனி. ஞாயிறு சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்கு வராம கோதண்டம் வூட்டு மேல குந்திக்கினு கீறியேடான்னு எங்கம்மா தெனம் திட்டுனாங்க. அதனால நல்லா ஞாபகம் கீது.

— பங்குனிதான், இல்ல? நெசமா பங்குனி?

— ஈஸ்டருக்கு முன்னாடி வாரம் வரைக்கும். இன்னாமே? ஏன் ஒக்காந்துட்ட? தல சுத்துதா?

— எழிலு! டேய் எழிலு!

— இன்னாக்கா?

— வெளக்குல எண்ண ஊத்தி வைடா. எறங்கி வரேன்.

— அக்கா... உள்ளயா வர்ற?

— உள்ளதான்டா.

— கங்கா, ஏன் மே அழற? நான் ஏதாவது தப்பா சொல்லிட்டனா?

— தையிலயே அறுத்துட்டோம்யா. அந்த வருசம் நவரை நெல்லுகூட நடல, மாசி, பங்குனியில கழனி வெறும் கட்டாந்தரை. ஒரு நாத்து இல்லாத கழனிக்கு, ஆறு ஞாயிறும், நீ ஏணியில கால வெச்ச ஒடனே எதுக்குய்யா எங்கப்பா மோட்டார் போட்டாரு?