டெக்கின் மேல் விரித்த லேஸ்

"ஹலோ... ஹலோ, சேகர் தம்பியோ? நான் ஸ்ட்ரெதமிலையிருந்து சிவகௌரி அக்கா... ஓம், அண்ணை இருக்கிறார்... இல்லை, இன்னும் ஒரு சொல்லும் வரேல்லை. அது கிடக்கட்டும், நீங்கள் நேற்றுப் பூட்டித் தந்த கசெற் டெக் வேலை செய்யுதில்லையப்பா!... ஓம், ஓம், லைட் எரியுது. ரிமோட்டை அமத்தினா ஒரு அசுமாத்தமும் இல்லை..."

ஜன்னலோரக் கதிரையில் அவள் புருசன் ஞானரட்ணம் இருந்தார். லண்டன் தமிழ்க் கலியாண வீடுகளில் மைக்கைப் பிடித்தால் இலேசில் விடாத மனுசன். மாரிக் குளிருக்குள் பக்கவாதம் வந்து விழுந்தபிறகு, தண்ணீர் வேண்டுமென்றாலும் இடக்கையால்தான் காட்டவேண்டும். அந்தக் குரல் இல்லாத வீட்டில் சிவகௌரிக்கு மூச்சு முட்டியது.

"பற்றரி புதுசு தம்பி... ஓம், நேரா நீட்டித்தான் அமத்துறன்... பின்னேரமோ? ஐயோ, எனக்கு இப்ப வேணும். பேச்சுப் பழக்க வாற பிள்ளை சொன்னவ, அவற்றை குரலையே அவருக்குப் போட்டுக் காட்டுங்கோ, சிலவேளை வாய் திறப்பாரெண்டு... அதுதானே அவர் அறிவிப்புச் செய்த உங்கட கலியாணக் கசெற்றை வாங்கினனான்... பொறுங்கோ. இஞ்சாருங்கோ, சும்மா உம் உம் எண்டு கொண்டிருக்காதேங்கோ, நான் போனிலை எல்லோ நிக்கிறன்!"

மனுசன் விடுவதாயில்லை. இடக்கையை நீட்டி டெக்கையே காட்டிக்கொண்டிருந்தார். அவள் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி... லேஸ்! லேஸ் துணி!... இல்லை, புதுச் சாமான், தூசி படுமெண்டு நான்தான் விரிச்சு, மேலை பூச்சாடியும் வைச்சனான். முன்பக்கமெல்லாம் தொங்குது... என்ன, ரிமோட்டுக்கு அங்கைதான் கண் இருக்குதோ? கடவுளே, கண்ணை எல்லோ மூடிப்போட்டன்!... சிரிக்காதேங்கோ. பாவம், அவர் அப்ப துவக்கம் அதைத்தான் காட்டினவர். நான் விசரி, ஏசிப்போட்டன்... ஓம், எடுத்துட்டன். ரிமோட்டை அவற்றை கையிலையே குடுக்கிறன், அவரே அமத்தட்டும்..."

ஞானரட்ணம் பெருவிரலால் அமத்தினார். பழைய குரல் கணீரென்று எழுந்து, மணமக்களை வாழ்த்த வந்த பெரியோர்களை வரவேற்றது. சிவகௌரி வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனை நாள் ஏங்கிய குரல் அது!

"கேக்குதோ தம்பி?... ஓம், ஓம், அவர்தான்!... பொறுங்கோ, வாய் அசையுது... தம்பி, வாய் அசையுது! சொல்லுங்கோ, என்ரை ராசா... கௌரி எண்டு சொல்லுங்கோ... ஒருக்கால்..."

உதடு கோணித் துடித்தது. காற்றுத்தான் வந்தது. டெக்கில் அவர் பகிடி ஒன்று விட, மண்டபமே சிரித்தது. ஞானரட்ணம் ரிமோட்டைத் தூக்கி நீட்டி அமத்தினார். வீடு மறுபடி அமைதியாகிவிட்டது. அவர் ரிமோட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஹலோ... ஓம், நிக்கிறன்... இல்லை, கசெற் சிக்கேல்லை... கரண்டும் போகேல்லை... அவர்தான் நிப்பாட்டினவர்... ஓம்... இல்லையடா தம்பி, நான் அழேல்லை... வேண்டாம், நீங்கள் வந்து பார்க்கத் தேவையில்லை. டெக்கிலை ஒரு பிழையும் இல்லை... ரிமோட் நல்லா வேலை செய்யுது... வைக்கிறன்."